பத்து வருடம் ஓடும் டிவி: டெல்டா வீட்டுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது?

கடையில் டிவி விற்பவர் பாதி நேரம் பேசுவது ஆப், குரல் தேடல், ஏஐ பற்றித்தான். அவை எல்லாம் டிவியின் மூளை. நாலைந்து வருடத்தில் அது திணற ஆரம்பிக்கும். அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை (டிவியில் செருகினால் இணையத்துப் படங்களைக் காட்டும் சின்னக் கருவி) செருகினால் வேலை முடிந்தது. திரையை அப்படி மாற்ற முடியாது. அதனால் காசைத் திரையில் போடுங்கள், மூளைக்குக் கொட்டிக்கொடுக்க வேண்டாம். கீழே உள்ளதெல்லாம் இந்தக் கணக்கில் சொல்வதுதான்.

படி 1: டேப்பை எடுங்கள்

உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை அளந்து அங்குலமாக்குங்கள். எட்டு அடி என்றால் 96 அங்குலம். அதை 2 ஆல் வகுத்தால் 48, ஒன்றரையால் வகுத்தால் 64. இந்த இரண்டுக்கும் நடுவில் 55 அங்குல 4கே டிவி (சாதாரண ஃபுல் எச்.டி.யைப் போல நாலு மடங்கு புள்ளிகள் கொண்டது) சரியாக இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு மூலைக்கு மூலை. 55 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய நாலு அடி என்பதால், அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள்.

படி 2: பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் நில்லுங்கள்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்து வெளிச்சம் நேராகக் கூடத்தில் வந்து விழும். டிவி வரப்போகும் சுவரில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கண்ணாடியில் முற்றமோ ஜன்னலோ தெரிந்தால் டிவியிலும் அதுதான் தெரியும். சுவரை மாற்றுங்கள், இல்லை திரைச்சீலை போடுங்கள்.

படி 3: திரையின் வகை

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சாதாரண எல்.இ.டி. டிவி என்பது எல்.சி.டி. திரைதான், பின்னால் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. அதில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் சேர்த்தால் கியூ.எல்.இ.டி., நிறம் இன்னும் தெளிவாக வரும். (அந்தத் துகள்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2023 வேதியியல் நோபல்.) பின்விளக்கைப் பொடிப்பொடியாக்கிப் பகுதி பகுதியாக மங்கச் செய்தால் அது மினி எல்.இ.டி. ஆகிவிடும். ஆனால் ஓ.எல்.இ.டி. வேறு ஜாதி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால்தான் கறுப்பு அசல் கறுப்பாக இருக்கிறது. கியூவையும் (Q) ஓவையும் (O) அவசரத்தில் மாற்றிப் படித்துவிடாதீர்கள், விலையில் பெரிய வித்தியாசம்.

இருட்டு அறையில் ராத்திரி மட்டும் படம் பார்க்கிறவர்களுக்கு ஓ.எல்.இ.டி.க்கு ஈடு இல்லை. ஆனால் காலையிலிருந்து செய்திச் சேனல் ஓடும் வீட்டில், மூலையில் நகராமல் நிற்கும் சேனல் முத்திரை வருடக்கணக்கில் அதன் மேல் தழும்பாகப் பதிய வாய்ப்பு உண்டு. முற்றத்து வெளிச்சம், நாள் முழுக்க டிவி, இரண்டும் இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு மினி எல்.இ.டி.க்குத்தான்.

அடுத்து வரப்போவது என்ன? பின்விளக்கிலேயே சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக எரியும் டிவிகள் 2025இல் வந்துவிட்டன. விலை இறங்கட்டும். புள்ளிக்குப் புள்ளி நுண்ணிய எல்.இ.டி.யே எரியும் மைக்ரோ எல்.இ.டி.யை சாம்சங் 2023இல் இந்தியாவில் இறக்கியபோது 110 அங்குலத்தின் விலை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. அந்தக் காசுக்கு இங்கே நஞ்சை நிலம் வாங்கிப் போடலாம். 4கேயை விடப் புள்ளி கூடிய 8கே இப்போதைக்கு வேண்டாம், அதில் பார்க்கப் படம் கிட்டத்தட்ட இல்லை. 3டி டிவி என்று ஒருகாலத்தில் எவ்வளவு ஆர்ப்பாட்டம்! 2017க்குள் பெரிய கம்பெனிகளே கைகழுவிவிட்டன.

வரி பற்றி ஒரு வார்த்தை: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள்.

படி 4: சுவரைத் தட்டிப் பாருங்கள்

சிமெண்டுச் சுவர் என்றால் கவலையில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் டிரில் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும், மாவாகக் கொட்டும், உள்ளே அடித்த பிளக் சும்மா சுற்றும். அப்படிச் சுற்றினால் அந்த ஓட்டையை நம்பி டிவியைத் தொங்கவிடாதீர்கள். டேபிள் ஸ்டாண்டே மேல், இல்லாவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டு கெட்டியான மரப்பலகை பதித்து அதில் மாட்டச் சொல்லுங்கள். உயரம்? திரையின் நடுப்பகுதி உங்கள் கண் மட்டத்தில் வர வேண்டும். பாயில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் நாற்காலிக் கணக்கில் மாட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

படி 5: மின்சாரம், இடி, பல்லி

பெரும்பாலான புது டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் அவசியமில்லை. டிவியைக் கொல்வது திடீர்ப் பாய்ச்சல். அதற்கு சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், எர்த் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள்! கேபிள் வயரையும் டிஷ் வயரையும் கழற்றுங்கள், இடி அந்த வழியாகவும் வரும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எந்த வயரையும் தொட வேண்டாம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று போர்ட்டுகளை அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பின்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டு மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். சூட்டுக்குப் பல்லி வந்து ஒண்டும், காற்றுத் துளை வழியாக உள்ளே போனால் போர்டு காலி.

படி 6: சத்தம்

மெல்லிய டிவிக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் ஏது? கடையிலேயே ஒரு தவில் கச்சேரி போடச் சொல்லுங்கள். வலந்தலை என்கிற வலப்பக்கம் படபடவென்று கேட்கும், தொப்பி என்கிற இடப்பக்கத்தின் கனம் காணாமல் போயிருக்கும். ஒரு சவுண்ட்பார் வாங்கி, இஆர்க் (eARC) அல்லது ஆர்க் (ARC) என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் மட்டும் செருகுங்கள். பக்கத்துத் துளையில் செருகிவிட்டு சவுண்ட்பார் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிப்போகிறவர்கள் உண்டு.

படி 7: முதல் நாள் செட்டிங்

ஆன் செய்ததும் கடையா, வீடா என்று கேட்கும். வீடு என்று கொடுங்கள். படத் தேர்வில் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடை வையுங்கள், முதல் இரண்டு நாள் மஞ்சளடிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் கண் பழகிவிடும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், படம் எல்லாம் சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிவது அதனால்தான். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் (Mbps) இணைய வேகம் தேவை. கனத்த செங்கல் சுவரைத் தாண்டி வைஃபை வராவிட்டால் ரவுட்டரிலிருந்து நேராக வயர் இழுத்துவிடுங்கள்.