கிறிஸ்தவ வீட்டிலிருந்து சாதியை எப்படி எடுப்பது

ஞாயிறு பேப்பரில் 'மணமகள் தேவை' பகுதியை ஒரு தடவை பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நாடார், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) உடையார், ஆர்.சி. வன்னியர் என்று வரிசையாக வரும். 'இரட்சிக்கப்பட்ட பெண்' வேண்டும் என்று கேட்கிறவர்கள்கூட அதே வரியில் சாதியையும் போட்டிருப்பார்கள், அதுவும் ஞானஸ்நானம் வாங்கி நாலைந்து தலைமுறை ஆன குடும்பங்கள். சபைகள் சாதிக்கு எதிராக எத்தனையோ அறிக்கை விட்டாயிற்று. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கிறது, அதனால் வீட்டில்தான் கைவைக்க வேண்டும். இது முக்கியமாக தலித் அல்லாத கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக எழுதுவது, ஏனென்றால் மாற வேண்டியது நாம்தான்.

முதலில் வேதத்தோடு தயாராகுங்கள். வீட்டில் பேச்சை எடுத்ததுமே 'விசுவாசம் வேற, சாதி வேற, இது நம்ம வழக்கம்' என்று பதில் வரும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28 எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் 'அது ஆவிக்குரிய அர்த்தம்' என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். அதனால் அதற்கு முந்தின அதிகாரத்தைத் திறங்கள், 2:11 முதல் 14 வரை. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் அதைப் பழக்கவழக்கம் என்று விடவில்லை, எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே ஒவ்வாத நடை என்றார். இத்தனைக்கும் பேதுரு போதனையில் எதையும் மாற்றிச் சொல்லவில்லை, எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நம் வீட்டுப் பெரியவர்களின் பயமும் அதே பயம்தான், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயம். அந்தப் பகுதியைக் குடும்ப ஜெபத்தில் மெதுவாக வாசித்து, நம் வீட்டுக்கு வரும் அந்த 'சிலர்' யார் என்று கேளுங்கள்.

'நம்ம முன்னோர்களும் இப்படித்தானே இருந்தார்கள்' என்பார்கள். உண்மைதான், ஆனால் இந்தச் சண்டையும் அப்போதே இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி உடனடியாக, முற்றிலுமாக விடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்தார்கள், சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டுப் போனவர்களும் உண்டு. எந்த முன்னோரைப் பின்பற்றுவது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்ததுதான் கஷ்டம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பிரியாணியும் கொடுத்து அனுப்புவோம், தலித் மக்கள் குடியிருக்கும் காலனியிலிருந்து விசுவாசிகள் வந்தால் உட்காரவைத்துக் காபியும் கொடுப்போம், ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறோமா? புறஜாதியாரான கொர்நேலியு வீட்டு விஷயத்தில் பேதுருமேல் வந்த குற்றச்சாட்டே அதுதான். போனீர், அவர்களோடு சாப்பிட்டீர் என்று அப்போஸ்தலர் 11-ல் கேட்கிறார்கள். கூப்பிடுவதில் நாம் கொடுக்கிறவர்களாகவே இருந்துவிடலாம், போவதில் அது முடியாது. அதனால் ஞானஸ்நான விருந்து, புதுவீட்டு ஜெபம் என்று அழைப்பு வந்தால் குடும்பத்தோடு போங்கள். கவர் கொடுத்துவிட்டு 'இன்னொரு இடத்துக்குப் போகணும்' என்று கிளம்பிவிடாமல் பந்தியில் உட்காருங்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் பேச்சையும் கவனியுங்கள். காலனியிலிருந்து வரும் அறுபது வயதுக்காரரை நம் வீட்டுப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி 'வா, போ' என்பதை நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், அவனுடைய ஞாயிறுபள்ளி மனப்பாட வசனங்களால் என்ன பிரயோஜனம்? தாத்தா, அண்ணன், பெரியம்மா என்று முறை வைத்துக் கூப்பிடப் பழக்குங்கள். கூடவே பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தையும் எடுத்துவிடுங்கள், பத்திரிகையில், கல்வெட்டில், வண்டி ஸ்டிக்கரில் எல்லாம். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்து, எல்லாச் சாதியாரோடும் பழகி, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, வத்திக்கான் 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை விட்டுவிட்டுத்தான் அவர் பெயரை அறிவித்தது.

கல்யாணம். மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு இங்கே வந்து நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகள் காதலித்துவிட்டு வந்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். பதினைந்து, பதினாறு வயதிலேயே, 'விசுவாசத்தையும் குணத்தையும் பார்ப்போம், சாதியைப் பார்க்க மாட்டோம்' என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து அவர்கள் முன்னால் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வரன் தேடும்போது விளம்பரத்தில் சாதியைப் போடாதீர்கள். 'சாதி தடையில்லை' என்று போட்டுவிட்டு வரும் ஒவ்வொரு வரனையும் ஜாதகம் பார்ப்பதுபோலச் சாதி பார்த்துக் கழிப்பது வேண்டாம். புரோக்கர் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டால், நாங்கள் அது பார்க்கிறதில்லை, இன்ன சபை என்று மட்டும் சொல்லுங்கள். சில வரன்கள் நின்றுபோகும், போகட்டும். அத்தை, சித்தப்பா வகையில் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால் நிச்சயத்துக்கு ரொம்ப முன்னாலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், ஃபோனில் வேண்டாம், ஃபோனில் சொன்னால் சண்டையாகத்தான் முடியும்.

பிள்ளை தானாகவே ஒருவரைச் சொன்னால், முதல் கேள்வியாக சாதி வரக் கூடாது. என்ன செய்கிறார், எப்படிப்பட்டவர், குடிக்கிறாரா, கர்த்தரைத் தேடுகிறாரா என்று நிஜமாகவே கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள், யோசிக்க நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனைப் பிடுங்குவது, பாட்டி ஊருக்கு அனுப்புவது, விஷத்தைக் காட்டி மிரட்டுவது இதெல்லாம் வன்முறை. ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ நீங்களே முன்னால் போய், ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்பைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். உறவுக்காரர்களால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். சாதி மறுத்து மணப்பவர்களைப் பாதுகாக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சொல்லி 2016-ல் சென்னை உயர் நீதிமன்றமும், பாதுகாப்பு இல்லங்கள் உட்படப் பல நடவடிக்கைகளை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கின்றன. அதைச் சொல்லி மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், கூட சபை மூப்பர் ஒருவர் போனால் இன்னும் நல்லது.

கல்லறைத் தோட்டத்திலும் சாதி இருக்கிறது, எழுதவே வேதனையாக இருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது பலருக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது இருக்கிற எறையூரில், ஒரே பங்குக்குள் சாதி மோதல் முற்றி 2008-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சாதி பார்ப்பது தவறு என்று 2003-லேயே போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் பேசியிருக்கிறார், 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கையே வெளியிட்டது. உங்கள் ஊரில் தேர் பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பாடற்குழுவிலும் கமிட்டியிலும் யார் இல்லை என்று பார்த்து, அதைக் கமிட்டிக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் பதிவாகாது. சி.எஸ்.ஐ.யில் இருந்தால் சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்), திருமண்டல (பேராயர் ஆளுகைப் பகுதி) தேர்தலில் 'நம்ம ஆள்' என்று ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அந்தக் காரணத்துக்காகவே போடாதீர்கள். காலனியில் சாவு விழுந்தால் மாலை போட்டுவிட்டுத் திரும்பாமல், பெட்டிக்குத் தோள் கொடுத்துக் குழி வரை போங்கள்.

கடைசியாக, சபைக்கு வெளியே இருக்கிற ஒன்று. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் அது திறக்கப்பட்டது, கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். ஊரும் சபையும் சாதியை வைத்து ஒதுக்கும், சான்றிதழ் மட்டும் நீ அந்தச் சாதி இல்லை என்று சொல்லும். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது, முடிவு மத்திய அரசின் கையில். உங்கள் எம்.பி.க்குக் குடும்பமாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்புங்கள். ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள், பக்கத்தில் கூட்டம் நடந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், மேடையில் இடம் எதிர்பார்க்காமல், அவர்கள் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.