குழாயடியில் தொடங்கும் அறவியல்: ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு

"பெண்களை மதிக்கணுமா?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஆமாம் மிஸ்" என்று ஐம்பது குரல் ராகம் இழுக்கும். "சாதி பார்க்கலாமா?" "கூடாது மிஸ்." அதோடு பாடம் முடிந்துவிட்டது. எந்தப் பதிலுக்கு மார்க் விழும் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

மேல்நிலையில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று தனிப்பாடமே இருக்கிறது. ஒன்பது, பத்தில் எல்லாம் குடிமையியலுக்குள்தான் வருகிறது. நான் வடசென்னையில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடங்களுக்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: முதல் நாள் பார்த்து எண்ணுவது, மறுநாள் நியாயம் பேசுவது. ஊரில் என்ன நடக்கிறது என்பது சமூகவியல். நடப்பது சரியா என்பது அறவியல். இரண்டையும் ஒரே பீரியடில் கலந்தால் நீதிக்கதைதான் மிஞ்சும்.

போர்டின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'நடப்பது', வலப்பக்கம் 'நடக்க வேண்டியது'. முதல் நாள் முழுக்க வலப்பக்கம் காலியாகவே கிடக்கட்டும். கை துறுதுறுக்கும், பரவாயில்லை.

எதை எண்ணச் சொல்வது? பஸ் நல்ல ஆரம்பம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி தெரியாமல் இருக்காது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யாருக்காக யார் எழுந்தார்கள் என்று மூன்றே மூன்று விஷயம் குறித்து வரச் சொல்வேன். நடந்து வரும் பிள்ளைகள் ரேஷன் கடை வரிசையைப் பார்க்கலாம். ஒரு மாணவி எழுதி வந்தது: மீன் கூடையோடு ஏறிய பாட்டிக்குப் பக்கத்து சீட் மூன்று ஸ்டாப் வரை காலி, நிற்பவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். இது இடப்பக்கம் போகும், ஒரு உரிச்சொல்கூடச் சேர்க்காமல். மறுநாள் ஒரு பையன், "நாத்தம் அடிச்சா நான் இன்னா மிஸ் பண்றது?" என்றான். உண்மையான கேள்வி. அதட்டி உட்கார வைக்காதீர்கள். மெக்கானிக் சட்டையில் வரும் கிரீஸ் வாசனைக்கும் விலகி நிற்பாயா, அந்தப் பாட்டிக்கு அது தெரிந்திருக்குமா, அதே மீன் வீட்டுக் குழம்பில் இருந்தால் என்ன என்று அவனையே பேச வையுங்கள். வலப்பக்கம் தானாக நிரம்பும்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை எடுத்தால் சண்டை உறுதி. மூட்டை தூக்கும் அப்பாவுக்கு டிக்கெட், ஆபீஸ் போகும் அக்காவுக்கு ஃப்ரீயா என்பார்கள். நியாயம் பேசும் முன் இடப்பக்கத்தை நிரப்பச் சொல்லுங்கள்: பொதுவாக ஒரு வீட்டில் பஸ் காசு யார் கையில் இருக்கிறது, வேலைக்குப் போகவோ ஆஸ்பத்திரிக்குப் போகவோ யார் யாரிடம் காசு கேட்க வேண்டியிருக்கிறது?

அறவியல் என்றாலே ஓடும் டிராமைத் திருப்பி ஒருவரைக் கொன்று ஐந்து பேரைக் காப்பாற்றலாமா என்ற புதிரைக் கொண்டுவருகிறார்கள். சென்னையில் டிராம் 1953-லேயே நின்றுபோனது. நமக்குக் குழாயடி இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டதை வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தெருவுக்கு ஒரே லாரி, ஆளுக்கு எத்தனை குடம், யார் முதலில் என்று குழுக்குழுவாக விதி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு சீட்டுக் குலுக்குங்கள். சீட்டில் இருப்பவர்கள்: வீட்டு ஓனர், மூன்றாம் மாடிக் கர்ப்பிணி, நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வரும் செக்யூரிட்டி, தண்ணீர் பிடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டிய எட்டாம் வகுப்புப் பெண், தனியாக இருக்கும் ஆயா, போன மாதம் குடிவந்த ஒடிசாத் தொழிலாளி. "ஏரியாக்காரங்களுக்குத்தான் முதல்ல" என்று எழுதிய குழுவிலும் யாராவது ஒடிசாக்காரராக ஆகித்தான் தீருவார்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். சீட்டைப் பார்த்ததும் அவரவர் தன் சீட்டுக்குச் சாதகமாக விதியை மாற்றப் பார்ப்பார்கள். உடனே சீட்டுகளைத் திரும்ப வாங்கிவிட்டு, "மறுபடி குலுக்கப் போகிறேன், எந்தச் சீட்டு வந்தாலும் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் விளக்கிய யோசனை இதுதான். அவர் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

பொய் பற்றிப் பேச ஒரு பீரியட் போதும். 292-வது குறள் குற்றமற்ற நன்மை தந்தால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1797-ல் வாதிட்டார். ஆயாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவரிடமே மறைக்கலாமா என்று கேட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்துவிடலாம்.

சாதிக்கு வரும்போது கோட்டின் பயன் முழுதாகத் தெரியும். "தீண்டாமை ஒழிக்கப்பட்டது, 17-வது பிரிவு" என்று பிள்ளைகள் இடப்பக்கம் எழுதுவார்கள். அது சட்டம், வலப்பக்கத்துக்குரியது. மனிதர் கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடையும், அதைச் செய்தவர்களுக்கு மறுவாழ்வும் சொல்லும் 2013 சட்டமும் அப்படித்தான். தெருவில் சாக்கடை அடைத்தால் உள்ளே இறங்குவது யார் என்பதுதான் இடப்பக்கம். அதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தப் பிள்ளையிடமும் "உன் வீட்டில் எப்படி?" என்று கேட்காதீர்கள். கணக்கெடுப்பு எப்போதும் பஸ்ஸில், கடையில், தெருவில்தான். வகுப்பில் இருக்கும் முகங்களில் இல்லை. உதவித்தொகைப் படிவம் வந்ததும் சாதிப் பிரிவைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லும் ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன். காலையில் அதைச் செய்துவிட்டு மதியம் சமத்துவம் நடத்தினால் எந்தப் பிள்ளை நம்பும்? படிவத்தை வகுப்பாசிரியர் தனித்தனியாக அழைத்துக் கொடுக்க இரண்டு இடைவேளை போதும்.

போர்ஷன் முடியாதே என்பார்கள். ஒரு பருவத்துக்கு இப்படி இரண்டு பாடம் நடத்தினால் போதும், மற்றதை வழக்கம்போல் ஓட்டலாம். ஐந்து மார்க் கேள்விக்குப் பயிற்சியும் இதிலேயே ஆகிவிடும்: இரண்டு வரி நடப்பது, இரண்டு வரி சட்டம், ஒரு வரி காரணம். வகுப்புத் தேர்வில் என் கருத்துக்கு எதிராக எழுதினாலும் காரணம் இருந்தால் முழு மார்க் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முதல் தேர்வில் யாரும் நம்ப மாட்டார்கள். அப்படி எழுதிய ஒரு பேப்பரைப் பெயரை மறைத்து வகுப்பில் படித்துக் காட்டி, மார்க்கையும் காட்டுங்கள்.