டிஃபென்ஸுக்கு ஆள் தேடி டிராஃப்டில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் கடைசி வாரம், என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) டிராஃப்டுக்கு முந்தைய இரவு, எங்கள் நண்பர்கள் பதினாறு பேர் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் கூடுவோம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு இரண்டு அணி எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று ரவுண்டை நாங்களே நடத்துவோம். பிக்குகளை, அதாவது ஆள் எடுக்கும் வாய்ப்புகளை, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். மூன்று சீசன் போன பிறகு, நாம் எடுத்த ஆட்கள் நிஜத்தில் எப்படி ஆடினார்கள் என்று கணக்குப் பார்ப்போம். கடைசியில் வருபவர் அத்தனை பேருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். நான் இதுவரை நான்கு முறை வாங்கியிருக்கிறேன்.

இந்த வருடம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். மூவருக்குமே டிஃபென்ஸ் ஓட்டையாகக் கிடக்கும் அணிகள் விழுந்தன. அன்றிரவு அவர்கள் செய்த ஒவ்வொன்றும் நான் ஏற்கெனவே பிரியாணி விலையில் கற்றுக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே போன ஆளை மறுபடி எடுப்பது, நேரத்தைத் தவறவிடுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை எல்லோரும் சிரித்தால் தானாகச் சரியாகிவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் பங்கு போட்டுக்கொள்வதுதான் டிராஃப்ட். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பந்தை முன்னே கொண்டுபோவது ஆஃபென்ஸ், தடுப்பது டிஃபென்ஸ், இரண்டுக்கும் தனித்தனிப் பதினொரு பேர். ஆஃபென்ஸில் பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். வீசுவதற்கு முன்பே அவரைப் பிடித்துச் சாய்த்தால் அது சாக், இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. அந்த வேலைக்கென்றே ஓரத்திலிருந்து பாய்பவர் எட்ஜ் ரஷர். டிஃபென்ஸ் தேடும் எல்லோருக்கும் முதலில் கண் போவது அவர் மேல்தான்.

ஜிம் கணக்கு

வெர்னான் கோல்ஸ்டன், 2008, நியூயார்க் ஜெட்ஸ், ஆறாவது பிக். டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் உடல்திறன் சோதனையில் 225 பவுண்டு பாரத்தை 37 முறை தூக்கினார். ஜெட்ஸில் மூன்று சீசனில் எடுத்த சாக்: பூஜ்யம்.

ஓட்டையின் அளவுக்கு ஆளை வெட்டுவது

2018இல் ரெய்டர்ஸ் தங்கள் நட்சத்திர எட்ஜ் ரஷர் கலீல் மாக்கை சிகாகோவுக்கு விற்றுவிட்டார்கள். அந்த சீசன் முழுக்க அணி எடுத்தது 13 சாக், லீக்கிலேயே கடைசி. அடுத்த ஏப்ரலில் நான்காவது பிக் கையில் இருந்தது. எடுத்தது கிளெலின் ஃபெரெல். முதல் சுற்றின் பின்பாதியில் போவார் என்றுதான் பெரும்பாலானோர் நினைத்திருந்தார்கள். நல்ல பையன், கடும் உழைப்பாளி, ஜெயித்த கல்லூரி அணியிலிருந்து வந்தவர் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. நான்கு சீசனில் அங்கே அவர் எடுத்தது பத்து சாக்.

இதில் வேடிக்கை, அதே அணி, அதே வருடம், நான்காவது சுற்றில் 106ஆவதாக ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சிறிய கல்லூரியிலிருந்து இன்னொரு எட்ஜ் ரஷரை எடுத்தது. மாக்ஸ் கிராஸ்பி. முதல் சீசனிலேயே பத்து சாக். ஃபெரெல் நான்கு வருடத்தில் எடுத்ததை இவர் ஒரே வருடத்தில் எடுத்துவிட்டார்.

நம் அணிக்கு எது குறை என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைப் பார்த்தால், சுமாரானவர்கூடச் சூரராகத் தெரிவார். முதலில் ஆட்களை வரிசைப்படுத்துங்கள். குறைகளின் பட்டியல் அதுவரை மேசை டிராயரிலேயே கிடக்கட்டும்.

ஒரே ஆளுக்காக மேலே ஏறுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

2017இல் எனக்கு விழுந்தது டல்லாஸ் கவ்பாய்ஸ். முந்தைய சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. டாக் பிரெஸ்காட்டும் எசெக்கியல் எலியட்டும் வந்த முதல் வருடத்திலேயே ஆஃபென்ஸைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். டிஃபென்ஸில்தான் பிரச்சினை. பாய்ந்துபோய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க ஆள் இல்லை. பின்வரிசையில் பிராண்டன் கார், மாரிஸ் கிளேபோர்ன், பேரி சர்ச், ஜே.ஜே. வில்காக்ஸ் என்று நான்கு பேர் மார்ச் மாதமே வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். முதல் மூன்று சுற்றுக்கு என் கையில் இருந்த பிக்குகள் 28, 60, 92.

எங்கள் ஆட்டத்தில் முதல் 13 பிக்குக்குள் மூன்று எட்ஜ் ரஷர்கள் போய்விட்டார்கள். எனக்கு வியர்க்கத் தொடங்கியது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு வடை தீர்ந்துவிடுமோ என்று இருக்குமே, அந்தப் பதற்றம். 14ஆம் பிக் பிலடெல்ஃபியாவிடம் இருந்தது, அதாவது கவ்பாய்ஸின் பரம எதிரி. எழுந்துபோய் அந்த நண்பரிடம் கேட்டேன்.

சுவரில் ஒரு பாயின்ட் சார்ட் ஒட்டியிருப்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது கவ்பாய்ஸ் அலுவலகத்தில் உருவான அட்டவணை அது. முதல் பிக்குக்கு 3,000 பாயின்ட், அப்புறம் படிப்படியாக இறங்கும். 14ஆம் பிக்குக்கு 1,100. என்னுடைய 28க்கு 660, 60க்கு 300, 92க்கு 132. கூட்டினால் 1,092. எட்டு பாயின்ட் குறைகிறதே என்றேன். பரவாயில்லை, எடுத்துக்கோ என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எடுத்தேன், மிசௌரி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹாரிஸ். அவர் ஒரு சுழற்சி போட்டுத் தடுப்பவரைக் கடந்துபோகும் வீடியோவை அந்த வாரம் மட்டும் இருபது தடவை பார்த்திருப்பேன். நிஜத்தில் அவரை 22ஆவதாக மயாமி எடுத்தது. அங்கே மூன்று சீசனில் 3.5 சாக்.

சரி, ஆள் சொதப்புவது யாருக்கும் நடக்கும். நிஜ கவ்பாய்ஸுக்கும் நடந்தது. 28ஆம் பிக்கில் அவர்கள் டாக்கோ சார்ல்டன் என்ற எட்ஜ் ரஷரை எடுத்தார்கள், மூன்றாவது சீசன் தொடங்கியதுமே கழற்றிவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் 60உம் 92உம் மிச்சம் இருந்தன. 60இல் சிடோபே அவூஸி, 92இல் ஜோர்டன் லூயிஸ், இருவரும் கார்னர்பேக், எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை மறிப்பவர்கள். ஆறாவது சுற்றில், பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி, சேவியர் வுட்ஸ். காலியான பின்வரிசையை இந்த மூன்று பேரும் வருடக்கணக்கில் அடைத்தார்கள். முதல் பிக் முழுசாக வீணாகியும் அந்த டிராஃப்ட் தப்பித்தது. என்னுடையது தப்பிக்க வழியே இல்லை. மூன்று சீட்டையும் ஒரே குதிரை மேல் கட்டியிருந்தேன்.

அதைவிட எரிச்சல், எங்கள் ஆட்டத்திலும் 30ஆம் பிக் வரை ஒருவர் சீந்துவாரின்றி உட்கார்ந்திருந்தார். டி.ஜே. வாட். நிஜத்தில் அவரை அதே 30இல் பிட்ஸ்பர்க் எடுத்தது. 2021இல் ஒரே சீசனில் 22.5 சாக் எடுத்து அன்றைய சாதனையைச் சமன் செய்தார். நான் இருக்கையை விட்டு எழாமல் இருந்திருந்தால் 28இல் அவரை எடுத்திருக்கலாம். எடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம், ஆனால் எடுக்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருட டிராஃப்டுகளை அலசியிருக்கிறார்கள். தேலர் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர். ஒரு பொசிஷனில் முன்னால் எடுக்கப்பட்டவர், அதே பொசிஷனில் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். 52 சதவீதம். காசைச் சுண்டிப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் நான் இரண்டு பிக்குகளைத் தூக்கிக் கொடுத்தேன்.

பறிபோவது வெறும் ஆள் இல்லை, மலிவான ஆள். லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் நான்கு வருடச் சம்பளம் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே தீர்மானமாகிறது. மூன்றாம் சுற்றில் எடுத்த கார்னர்பேக் நன்றாக ஆடினால் நான்கு வருடம் கொள்ளை லாபம். அப்படி ஒருவரை வெளிச்சந்தையில் வாங்கினால் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

இந்தத் தவறின் தாத்தா ஒருவர் இருக்கிறார். 1995இல் பிலடெல்ஃபியாவுக்கு 12ஆம் பிக் இருந்தது. கம்பைன் சோதனைகளுக்கென்றே தனியாகத் தயார் செய்துகொண்டு வந்து அசத்திய மைக் மாமுலாவைப் பார்த்து மயங்கினார்கள். 12உடன் இரண்டு இரண்டாம் சுற்றுப் பிக்குகளையும் டாம்பா பேயிடம் கொடுத்து, பதிலுக்கு ஏழாம் பிக்கையும் ஒரு மூன்றாம் சுற்றுப் பிக்கையும் வாங்கி, அவரை எடுத்தார்கள். மாமுலா ஒன்றும் கோல்ஸ்டன் இல்லை, மொத்தம் 31.5 சாக் எடுத்தார். ஆனால் டாம்பா பே அந்த 12இல் எடுத்தது வாரன் சாப்பை. சேர்ந்த இரண்டாம் சுற்றுப் பிக்குகளில் இரண்டை டல்லாஸுக்குக் கொடுத்து 28ஐ வாங்கி டெரிக் புரூக்ஸை எடுத்தது. இருவரும் இன்று மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். 2002 சீசனின் சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதிப் போட்டியை, டாம்பா வென்றது இந்த இருவரையும் நடுவில் வைத்துக் கட்டிய டிஃபென்ஸால்தான். (டாம்பாவும் 28க்கு ஏறியதுதானே என்பீர்கள். ஏறியது அடுத்தவன் காசில்.)

இதைச் சொன்னால் புதியவர்கள் உடனே எட்ஜ் ரஷர் வில் ஆண்டர்சனை இழுப்பார்கள். நியாயம்தான். 2023இல் ஹூஸ்டன் 12ஆம் பிக், 33ஆம் பிக், அடுத்த வருடத்தின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று எல்லாவற்றையும் அரிசோனாவுக்குக் கொடுத்து மூன்றாம் பிக்குக்கு ஏறி அவரை எடுத்தது. அந்த வருடத்தின் சிறந்த புதிய டிஃபென்ஸ் வீரர் அவர்தான். ஆனால் அதற்குச் சில நிமிடம் முன்புதான் இரண்டாம் பிக்கில் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்திருந்தார்கள். டெஷான் வாட்சனை விற்ற வகையில் கிளீவ்லாந்தின் அடுத்த வருட முதல் சுற்றுப் பிக்கும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதாவது ஏறிய பிறகும் வீட்டில் அரிசி இருந்தது. உங்களிடம் அப்படி இருந்தால் ஏறுங்கள், நான் தடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் பத்துப் படி ஏறுவதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரே ஆளை நம்பி மற்ற இரண்டு ஓட்டைகளையும் திறந்தபடி விடுவதைத்தான் சொல்கிறேன்.

எல்லாப் பிக்கையும் டிஃபென்ஸுக்கே கொடுப்பது

2020 ஜனவரியில் நட்சத்திர டிஃபென்ஸ் வீரர் லூக் கீக்லி ஓய்வு பெற்றதும் கரோலினா பாந்தர்ஸ் டிஃபென்ஸ் காலியானது. ஏப்ரலில் ஏழு பிக்குகள், ஏழும் டிஃபென்ஸ். நவீன டிராஃப்டில் யாரும் அதுவரை செய்யாதது. டெரிக் பிரவுன் போன்ற நல்ல ஆட்களும் கிடைத்தார்கள். 2021இல் விட்டுக்கொடுத்த யார்டு கணக்கில் அந்த டிஃபென்ஸ் லீக்கிலேயே இரண்டாவது. அணியின் வெற்றி எத்தனை? 17 ஆட்டத்தில் 5. பந்தை வீச உருப்படியான ஆள் இல்லை.

மார்ச் மாதத்தை மறப்பது

புதியவர்கள் டிராஃப்ட் இரவில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுக்கும் ஃப்ரீ ஏஜென்சி சந்தை திறந்துவிடும். பாதி ஓட்டையை அங்கேயே அடைக்கலாம்.

2023இல் பிலடெல்ஃபியாவின் பாஸ் டிஃபென்ஸ் (எதிரணி வீசும் பந்தைத் தடுப்பது) சல்லடையாக இருந்தது. 2024 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் அதிகம் கண்டுகொள்ளப்படாத ஸாக் பான் என்ற வீரரை ஒரே வருட ஒப்பந்தத்தில், சுமார் 35 லட்சம் டாலருக்கு, எடுத்தார்கள். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை நடுவில் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். அந்த சீசனில் ஆல் ப்ரோ, அதாவது லீக்கின் மிகச் சிறந்தவர்கள் பட்டியலில் இடம். அந்த ஓட்டை மலிவாக அடைபட்டதால் ஏப்ரலில் பதற வேண்டியிருக்கவில்லை. 22இல் அசையாமல் உட்கார்ந்து கார்னர்பேக் குவின்யான் மிட்செல், அப்புறம் 50இலிருந்து 40க்கு மட்டும் ஏறி கூப்பர் டிஜீன். அந்த சீசனின் சூப்பர் பவுலில் டிஜீன் பந்தைப் பறித்து ஓடி டச்டவுன் போட்டார். கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றார்கள்.

உயரம் பார்ப்பது

பின்னாளில் லீக்கின் ஆகச் சிறந்த டிஃபென்ஸ் வீரர்களில் ஒருவரான ஆரன் டொனால்டைக் குள்ளம் என்று சொல்லித்தான் 13ஆம் பிக் வரை விட்டார்கள்.

காயம்

மருத்துவ அறிக்கை நம்மிடம் வராது. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாதீர்கள்.

இந்த வருடம் பேஸ்மென்ட்டில் என் பிக் வருவதற்கு இரண்டு இடம் முன்பு, புதியவர்களில் ஒருவர் சமோசாத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முதல் சுற்றுப் பிக் வேண்டுமாம். தன்னுடைய முதல் மூன்று பிக்குகளையும் தருகிறேன் என்றார். சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துக் கூட்டினேன். பதினைந்து பாயின்ட் குறைந்தது.

“நல்லா யோசிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“இவர் போயிட்டா வேற எட்ஜ் ரஷரே இல்லைண்ணே” என்றார்.

அந்தப் பதினைந்து பாயின்ட்டைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.