மேய்ச்சல் நில ஆய்வுக் குழுத் தலைவர்களுக்கு ஒரு குறிப்பு

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் மேய்ச்சல் நிலங்களில் தாவரங்களையும் மண்ணையும் கண்காணிக்கும் குழுவை வழிநடத்துபவர், முதல் களத்தை அளக்கும் முன்பே, உறுப்பினர் அனைவரையும் தரையில் விரித்த ஒரே அளவு நாடாவில் தனித்தனியாக அளக்கச் செய்து முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 25 மீட்டர் நாடாவில் அரை மீட்டருக்கு ஒருமுறை கம்பியை இறக்கி, அது தொடுவதைக் குறித்தால் 50 புள்ளிகள், மூன்று நாடாக்களுக்கு 150 புள்ளிகள் கிடைக்கும். கம்பியைச் செங்குத்தாக விழவிடாமல், அருகிலுள்ள செடியை நோக்கிக் கை தன்னையறியாமல் சாய்ப்பதே என் கணிப்பில் முதல் பிழை. அடுத்தது காய்ந்த புல்: வேரோடு நின்றால் அது அந்த இனத்தின் கணக்கு, ஒடிந்து தரையில் கிடந்தால் சருகு.

நாடாவின் ஒரு பக்கமாக மட்டுமே எல்லோரும் நடக்க வேண்டும். மிதிபடாத மறுபக்கத்தில்தான் மண் நிலைப்புச் சோதனைக்கான, அதாவது நீரில் மண் கரையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்கான, 6 முதல் 8 மில்லிமீட்டர் மண் கட்டிகளை எடுக்க இயலும். ஈரமான கட்டியை உலர்த்திய பிறகே நீரில் இட வேண்டும். 5 விநாடிக்குள் பாதிக்கு மேல் கரைந்தால், மிகக் குறைந்த நிலைப்பைக் காட்டும் மதிப்பு 1 என்பதால், கடிகாரம் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.