ஸ்கைரிமில் மாட் போட்டுப் பார்ப்போம்: இங்கே கடைமடைக்குத்தான் மரியாதை

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வெளியே போக வழியில்லாமல் ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, ரிவர்வுட்ல வீடெல்லாம் ஊதா கலரா இருக்கு. கேம் கெட்டுப்போச்சா?”

“எத்தனை மாட் போட்ட?”

“முப்பதுதான்.”

“முப்பது மாடா? எங்கடா கட்டுறது?” என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்.

ரிவர்வுட் என்பது அந்த கேமில் வரும் ஒரு கிராமம். கேம் கெடவில்லை. முப்பதையும் ஒரே ராத்திரியில் போட்டதுதான் கோளாறு. அவனைக் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. நான் முதன்முதலில் போட்டது நாற்பதுக்கு மேல். கேம் திறக்கவே இல்லை. அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கேம் ஆடத் தெரியும், மாட் மட்டும் போட்டதில்லை என்பவர்களுக்கு இது.

மாட் என்றால் என்ன

கேமை வாங்கிய ரசிகர்களே அதில் செய்து சேர்க்கும் மாற்றம்தான் மாட். புது வாள், புது ஊர், நல்ல மெனு, பிழைத் திருத்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வந்தது. மறு வருடமே கிரியேஷன் கிட் என்ற கருவியை, கேமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனமே இலவசமாகக் கொடுத்துவிட்டது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இந்த கேமுக்குப் புது மாட் வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நிக் பியர்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 2015-ல் ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ என்று ஒரு மாட் வெளியிட்டார். அதன் கதைக்கு 2016-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. 2021-ல் அதுவே தனி கேமாக வந்தது.

இங்கே சொல்வதெல்லாம் கம்ப்யூட்டரில் ஆடும் ஸ்பெஷல் எடிஷனுக்கு, அதாவது 2016-ல் வந்த பதிப்புக்கு. 2011-ன் பழைய பதிப்புக்கான மாட்கள் இதற்கு அப்படியே பொருந்தாது; இறக்கும்போது அந்தப் பக்கத்தின் மேலே ஸ்பெஷல் எடிஷன் என்று இருக்கிறதா பாருங்கள். ஆனிவர்சரி எடிஷன் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அது ஸ்பெஷல் எடிஷனோடு கூடுதல் சரக்கு சேர்ந்தது, அவ்வளவுதான்.

கேமைத் தயார் செய்வது

கேமுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், 12 ஜிபி இடம் வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மாட்களுக்குத் தனியாக இன்னும் ஒரு 20 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கணக்கு.

கேமை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போடாதீர்கள். விண்டோஸ் அந்த இடத்துக்குக் காவல் போட்டு வைத்திருக்கிறது. அங்கே ஃபைலை மாற்றப் போனால் அனுமதி கேட்டே கழுத்தை அறுக்கும். வேறு டிரைவில் ஒரு ஸ்டீம் (கேமை வாங்கி நிறுவும் மென்பொருள்) லைப்ரரி உருவாக்கி அதில் போடுங்கள்.

பிறகு ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குப் போய், ‘நான் இயக்கும்போது மட்டும் புதுப்பி’ என்ற பொருளில் இருக்கும் அப்டேட் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்று எஸ்.கே.எஸ்.இ. என்ற துணைக் கருவி வரும்போது சொல்கிறேன்.

மாட் எதுவும் போடாமல் கேமை ஒரு தடவை திறந்து, மெயின் மெனு வரை போய் மூடுங்கள். கேமுக்குத் தேவையான அமைப்பு ஃபைல்கள் அப்போதுதான் உருவாகும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

மாட் மேனேஜர்

முன்பெல்லாம் மாட் ஃபைல்களை கேமின் ‘டேட்டா’ ஃபோல்டரில் நேரடியாகக் கொட்டுவோம். பழைய ஃபைல் மேல் புது ஃபைல் விழுந்துவிட்டால் பழையது போனது போனதுதான். இப்போது அந்தத் தலைவலி தேவையில்லை. மாட் ஆர்கனைசர் 2 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது ஒவ்வொரு மாடையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. அதன் வழியாக கேமைத் திறந்தால், எல்லாமே டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதாக கேமை நம்ப வைக்கிறது. நிஜத்தில் டேட்டா ஃபோல்டரில் ஒரு ஃபைல்கூட மாறியிருக்காது. பிடிக்கவில்லையா, டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

வோர்டெக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் நல்லதுதான், பார்வைக்கு எளிமையாகவும் இருக்கும். ஆனால் எந்த மாட் எதை மூடுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆர்கனைசரே மேல் என்பது என் கட்சி.

மாட்கள் கிடைக்கும் நெக்சஸ் மாட்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஆர்கனைசரை இறக்கி, கேம் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுங்கள். முதல் முறை திறக்கும்போது எந்த கேம் என்று கேட்கும், நெக்சஸ் கணக்கை இணைக்கவும் கேட்கும். இணைத்துவிட்டால், தளத்தில் இருக்கும் ‘மாட் மேனேஜர் டவுன்லோடு’ பட்டனை அழுத்தினதும் ஃபைல் நேராக ஆர்கனைசருக்குள் வந்துவிடும். பணம் கட்டாத கணக்குக்கு வேகத்தைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். பெரிய ஃபைல் என்றால் படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் படுங்கள். கரண்ட் போனால் மோடமும் போகும். லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்ததாக ஆர்கனைசரில் புரொஃபைல் (எந்தெந்த மாட் ஓட வேண்டும் என்ற தனிப் பட்டியல்) ஒன்றை உருவாக்கி ‘நாற்றங்கால்’ என்று பெயர் வையுங்கள். புது மாட் எதுவானாலும் முதலில் இங்கே முளைக்கட்டும். தேறினால் பறித்து, நீங்கள் உண்மையாக ஆடும் புரொஃபைலில் நடலாம். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி சேவ் வைத்துக்கொள்ளும் வசதியும் அங்கேயே இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள்.

முதல் மாட்

வம்பில்லாத ஒன்றாகத் தொடங்கலாம். ‘ஸ்டாட்டிக் மெஷ் இம்ப்ரூவ்மென்ட் மாட்’, சுருக்கமாக ஸ்மிம். கேமில் கயிறும் சங்கிலியும் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல் தட்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்மிம் போட்டால் கயிறு கயிறாகவே தெரியும்.

எந்த மாடை இறக்கும் முன்பும் அதன் பக்கத்தில் ‘தேவைகள்’ என்ற பகுதியைத் திறந்து படியுங்கள். இந்த மாட் ஓட வேறு எந்த மாட் வேண்டும், கேமின் எந்த வெர்ஷன் வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அக்கா மகன் போட்ட முப்பதில் ஒன்றுக்குக்கூட அவன் இதைப் படிக்கவில்லை.

இறங்கியதும் ஆர்கனைசரின் வலப்பக்கம் டவுன்லோடு பகுதியில் ஃபைல் தெரியும். இரண்டு முறை கிளிக் செய்தால் நிறுவும். ஸ்மிம் சில கேள்விகள் கேட்கும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் போடு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு இடப்பக்கப் பட்டியலில் பெயருக்கு முன்னால் டிக் போடுங்கள். வலப்பக்கம் பிளகின் (கேமின் பதிவுகளை மாற்றும் ஃபைல்) பட்டியலில் அதற்கு ஏதாவது வந்திருந்தால் அதற்கும் டிக்.

இப்போது ஆர்கனைசரில் இருக்கும் ‘ரன்’ பட்டனால் கேமைத் திறங்கள். ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்தால் மாட் எதுவும் வராது. “போட்டேன், ஒண்ணுமே மாறலை” என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

எஸ்.கே.எஸ்.இ., ஸ்கைUI

எஸ்.கே.எஸ்.இ. என்பது ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். கேம் தானாகச் செய்யத் தெரியாத வேலைகளை மாட்கள் செய்ய இது கதவு திறந்துவிடுகிறது. நல்ல மாட்களில் பலவும் இதை நம்பி இருப்பவை.

இதில் ஒரே சிக்கல் வெர்ஷன்தான். கேமின் வெர்ஷனும் இதன் வெர்ஷனும் நூல் பிசகாமல் பொருந்த வேண்டும். கேம் ஃபோல்டரில் கேமின் இயக்கக் கோப்பை வலது கிளிக் செய்து, பண்புகளில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள், 1.5.97, 1.6.1170 என்பது போல இருக்கும். அதே எண்ணுக்கான எஸ்.கே.எஸ்.இ.யை இறக்குங்கள். நீங்கள் தூங்கும்போது கேம் தானாகப் புதுப்பித்துக்கொண்டால் எண் மாறிவிடும், எஸ்.கே.எஸ்.இ. நின்றுபோகும். அப்டேட் அமைப்பை முதலிலேயே மாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

இறக்கிய தொகுப்பைப் பிரித்தால் லோடர் ஃபைலும் டி.எல்.எல். ஃபைலும் இருக்கும். அவற்றை கேமின் இயக்கக் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். கூடவே இருக்கும் டேட்டா ஃபோல்டரை, கேமின் டேட்டா ஃபோல்டரோடு சேர்த்துவிடுங்கள். கையால் கேமுக்குள் ஃபைல் போடுவது இந்த ஒரு தடவைதான். இனி ‘ரன்’ பட்டனுக்குப் பக்கத்துப் பட்டியலில் எஸ்.கே.எஸ்.இ.யைத் தேர்ந்தெடுத்தே கேமைத் திறக்க வேண்டும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கைUI மாடைப் போடுங்கள். கேமோடு வரும் பொருள் பட்டியல், டிவி ரிமோட்டும் கன்ட்ரோலரும் வைத்திருப்பவருக்காகச் செய்தது போல இருக்கும். ஸ்கைUI அதை எடை, விலை, தேடல் கட்டம் எல்லாம் உள்ள அட்டவணையாக மாற்றுகிறது. எஸ்.கே.எஸ்.இ. ஓடாவிட்டால் இதுவே கேமுக்குள் எச்சரிக்கை காட்டிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கடைமடை கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். லோட் ஆர்டர், அதாவது கேம் பிளகின்களைப் படிக்கும் வரிசை. இங்கேதான் எல்லோரும் முழிப்பார்கள், ஆனால் டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, மதகு மதகாக இறங்கி வருகிறது. தலைமடைக்காரர் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சம்தான் கடைமடைக்கு. லோட் ஆர்டர் இதற்கு நேர் தலைகீழ். பிளகின்களை கேம் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். ஒரே பொருளை இரண்டு பேர் மாற்றியிருந்தால், கடைசியில் இருப்பவர் சொன்னதுதான் செல்லும்.

ஓர் உதாரணம். கேமில் இரும்பு வாளின் அடி (வெட்டினால் ஏற்படும் சேதம்) 7, எடை 9. ஒரு மாட் எடையை 4 ஆகக் குறைக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு மாட் அடியை 12 ஆக ஏற்றுகிறது. கேமில் உங்கள் கையில் இருப்பது என்ன? அடி 12, எடை 4 என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. அடி 12, எடை 9. ஏனென்றால் இரண்டாவது மாட் வாளின் முழுப் பதிவையும் சுமந்து வருகிறது. அதை எழுதியவர் எடையைத் தொடவில்லை, அதனால் பழைய 9 அப்படியே அதில் இருக்கிறது. கேம் இரண்டையும் கலக்காது. கடைசிப் பதிவை முழுசாக எடுத்துக்கொள்ளும்.

இதனால்தான் ‘பேட்ச்’ என்ற பெயரில் குட்டி மாட்கள் உண்டு. இரண்டு பேரின் மாற்றத்தையும் சேர்த்து ஒரே பதிவாக எழுதி, இரண்டுக்கும் கீழே, கடைமடையில் உட்காரும். இரண்டு பெரிய மாட்களைச் சேர்த்துப் போடும் முன் அவற்றுக்கிடையே பேட்ச் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆர்கனைசரில் இரண்டு வரிசைகள் இருப்பதையும் கவனியுங்கள். இடப்பக்க வரிசை படம், ஒலி, உருவம் போன்ற ஃபைல்களுக்கு. வலப்பக்க வரிசை பிளகின்களுக்கு. இரண்டிலும் கீழே இருப்பவருக்கே மரியாதை. பிளகின் வரிசையை லூட் என்ற கருவி ஓரளவு தானாகவே அடுக்கித் தரும். ஆர்கனைசரின் ‘சார்ட்’ பட்டனும் அதைத்தான் அழைக்கிறது. தொடக்கத்தில் அதையே நம்பலாம்.

ஒன்று போடு, ஓடிப் பார்

ஒரு மாட் போட்டதும் நாற்றங்கால் புரொஃபைலில் கேமைத் திறந்து கால் மணி நேரம் ஆடுங்கள். ஊருக்குள் போங்கள், வெளியே வாருங்கள், குகைக்குள் நுழையுங்கள், ஒரு ஓநாயை அடியுங்கள், சேவ் செய்து மறுபடி திறங்கள். சரி என்றால் அடுத்தது. முப்பதைச் சேர்த்துப் போட்டு உடைந்தால், முப்பதில் யார் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதிப் பாதியாக டிக்கை எடுத்து எடுத்துத்தான். அன்று மழையில் நாங்கள் இரண்டு மணி நேரம் அதைத்தான் செய்தோம்.

சில அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் வேலை குறையும். பொருள் ஊதாவாகத் தெரிந்தால் அதன் டெக்ஸ்ச்சர் (மேற்பரப்புப் படம்) ஃபைல் கிடைக்கவில்லை. பொருளே இல்லாமல் சிவப்பு முக்கோணத்தில் ஆச்சரியக்குறி நின்றால் உருவ ஃபைல் இல்லை. மெனு வரும் முன்பே கேம் சாத்திக்கொண்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு பிளகின், தான் ஓடத் தேவையான தாய் பிளகினைக் காணாமல் தவிக்கிறது; ஆர்கனைசர் அதை எச்சரிக்கைக் குறியோடு காட்டும். தொடக்கக் காட்சியில் வண்டி ஆகாயத்தில் பல்டி அடித்தால் மாடைத் திட்டாதீர்கள். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போனால் இந்த கேமின் இயற்பியல் தடுமாறும். 60-ல் கட்டுப்படுத்துங்கள்.

டெக்ஸ்ச்சர் மாட்களில் 4கே என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். 2கே-யைவிட அகலமும் உயரமும் இரு மடங்கு, அப்படியானால் சுமை நான்கு மடங்கு. கல்லூரி லேப்டாப்புக்கு 2கே தாராளம், 1கே-யும் குற்றமில்லை.

இன்னொன்று, இது கண்டிப்பு. ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் குட்டி நிரல்) உள்ள மாடை ஆட்டத்தின் நடுவில் கழற்றாதீர்கள். அந்த ஸ்கிரிப்டின் மிச்சம் சேவ் ஃபைலிலேயே தங்கிவிடும். உடனே ஒன்றும் தெரியாது. நாற்பது மணி நேரம் ஆடிய பிறகு சேவ் திறக்காமல் போகலாம். படங்களை மட்டும் மாற்றும் மாடை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பெரிய மாடைப் போடும் முன், ‘மை கேம்ஸ்’ ஃபோல்டரில் (தனி சேவ் டிக் செய்திருந்தால் ஆர்கனைசரின் அந்தப் புரொஃபைல் ஃபோல்டரில்) இருக்கும் சேவ்களை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கை பழகியதும் ‘ஆல்டர்னேட் ஸ்டார்ட்’ மாடைப் போட்டுப் பாருங்கள். கைதியாக வண்டியில் போகாமல் வேட்டைக்காரராகவோ சத்திரத்து விருந்தாளியாகவோ ஆட்டத்தைத் தொடங்கலாம். அந்த வண்டிப் பயணத்தைப் பத்தாவது முறை பார்ப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அக்கா மகனின் பட்டியலில் இப்போது ஒன்பது மாட். பத்தாவதாக, டிராகனுக்குப் பதிலாக ரயில் எஞ்சின் பறந்து வரும் மாட் வேண்டும் என்கிறான். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. மலை உச்சியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் தலைக்கு மேல் வந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். நாற்றங்காலில் போடச் சொல்லியிருக்கிறேன்.