மலைப் பள்ளியில் மணல் தட்டும் சட்டாம்பிள்ளையும்

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்பது நீலகிரியின் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கையில் ஒன்றாம் வகுப்பு சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்ள, மூத்த மாணவர் சிறியவர்களுக்குப் பயிற்சி தரும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறை இன்றும் உதவும். அதன் எல்லை எது என்பதை அமெரிக்கா அனுபவப்பட்டே கற்றது.

சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதையும் சட்டாம்பிள்ளை முறையையும் கையாண்டு 1797-இல் லண்டனில் நூலாக்கினார். (அந்தப் பள்ளி பிற்பாடு ஊட்டி லாரன்ஸ் பள்ளியோடு சேர்ந்தது.) லண்டனில் ஜோசப் லான்காஸ்டர் இதே வழியில் பெரிய கூடங்களை நடத்தினார். 1806-இல் நியூயார்க்கின் இலவசப் பள்ளி இம்முறையில்தான் திறந்தது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு சொற்பம்.

மணல் பரப்பி எழுதும் தட்டு ஒன்றரை அடிக்கு ஓரடி, விளிம்பு ஓர் அங்குலம். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். விரல் கீறிய இடத்தில் எழுத்து பளிச்சென்று தெரியும். மணல் கால் அங்குலம் போதும், கூடினால் கறுப்பு தெரியாது. ஆற்று மணலை அலசிக் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், முனை குத்தும், தூசி பறக்கும். ஈரம்தான் பெரிய தொல்லை. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மணல் கட்டிபிடிக்கும். இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறியபின் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். அடைமழை நாளில் சிலேட்டே மேல்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, நான்கு அல்லது ஐந்தாம் வகுப்பிலிருந்து. காலையில் பத்து நிமிடம் அன்றைய எழுத்தை அவரையே எழுதவைத்துப் பாருங்கள். பிறகு இருபது நிமிடப் பயிற்சி: அவர் சொல்ல, எல்லோரும் எழுத, அவர் பார்த்ததும் தட்டைக் குலுக்கி அழிக்க வேண்டும். வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் குழந்தை பாலை 'ஹாலு' என்றால் சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிரம்பு அறவே கூடாது. பிரம்பை வெறுத்த லான்காஸ்டரே பிள்ளைகளின் கழுத்தில் மரக்கட்டை தொங்கவிட்டு அவமானப்படுத்தியவர்தான். கையில் பிரம்பில்லை என்பதாலேயே ஒருவர் மென்மையானவர் ஆகிவிடுவதில்லை.

புதுப் பாடத்தை மட்டும் சட்டாம்பிள்ளையிடம் விடாதீர்கள். அமெரிக்காவில் முறை சறுக்கியது இங்கேதான்: சிறுவனுக்கு மனப்பாடம் செய்விக்க முடிந்தது, விளக்க முடியவில்லை. 1837-இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலரான ஹோரஸ் மான் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையே வலியுறுத்தினார். 1839-இல் லெக்சிங்டனில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. பிறகு வயதுவாரி வகுப்பறைகள் பரவ, சட்டாம்பிள்ளைக்கு வேலை போயிற்று.

பயிற்சி முடிவில் குழுவுக்கு இருவரை நீங்களே எழுதச் சொல்லிப் பாருங்கள். இருவரும் 'ள'வுக்கு 'ல' போட்டால், பிழை சட்டாம்பிள்ளையிடம் இருக்கிறது; மறுநாள் முதலில் திருத்த வேண்டியது அவரை. வாரம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள், அவருக்கும் சொந்தப் பாடம் இருக்கிறது.