ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் அமைப்பு: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம் தியேட்டர் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஸ்பீக்கர் நல்லது?" என்றுதான். எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறோம் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சுற்றிலுமிருந்து வரும் சரவுண்ட் ஒலியில் கோணம், தூரம், உயரம் எல்லாமே கேட்பவரின் தலையிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. இருக்கை முடிவாகாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது.

இருக்கை விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு, சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது. சுவரோரத்தில் பாஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) குவிந்து கொழகொழவென்று கேட்கும். பின்னாலிருந்து வரவேண்டிய ஒலிக்கு இடமே இருக்காது. அதற்காக அறையின் நட்டநடுவில் போட்டாலும் சரிவராது. 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே நிலையலையாக (நகராமல் ஒரே இடத்தில் ஏறி இறங்கும் அலையாக) நிற்கும். சரிபாதியில் அது ஏறக்குறைய காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் நல்ல தொடக்கம். சோஃபாவை நகர்த்த வழியே இல்லையென்றால் 7.1 (ஏழு ஸ்பீக்கர், பாஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) ஆசையை விட்டுவிட்டு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போடுங்கள். தலைக்குப் பின்னால் அரை அடியில் ஒரு ஸ்பீக்கர் இருந்து பயனில்லை.

இருக்கை முடிவானதும் கோணம். திரையின் நடுவை 0 டிகிரி என்று வைத்தால், முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் 22 முதல் 30 டிகிரிக்குள்ளும், 5.1 அமைப்பின் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 110 முதல் 120 டிகிரிக்குள்ளும் வர வேண்டும். அதாவது பக்கவாட்டில், தலைக்குச் சற்றே பின்னால். பலரும் இவற்றை அறையின் பின்மூலைகளில் உச்சத்தில் மாட்டிவிடுகிறார்கள். அட்மாஸ் (கூரையிலிருந்தும் ஒலி வரும் அமைப்பு) போடும் எண்ணமிருந்தால் இது இன்னும் பெரிய தவறு: சரவுண்ட் ஸ்பீக்கர்கள் காது மட்டத்தை ஒட்டி இருந்தால்தான் கூரையிலிருந்து வரும் ஒலி தனித்துத் தெரியும்.

சென்டர் ஸ்பீக்கரை மிச்சமிருக்கும் இடத்தில் வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. டிவி அலமாரியின் உள்தட்டில் தள்ளிவைத்தால் குரல் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். தட்டின் முன்விளிம்பு வரை இழுத்து, முகப்பைக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். முன் ஸ்பீக்கர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையில் ஆள் நடக்க நடக்கக் குரலின் தன்மையும் மாறும்.

சப்வூஃபரைக் காலியான மூலையில் வைத்துவிட்டு, பாஸ் சரியில்லை என்று சப்வூஃபரையே மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. குறை பெரும்பாலும் இடத்தில்தான். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். எங்கே பாஸ் தெளிவாகவும் சீராகவும் இருக்கிறதோ, சப்வூஃபருக்கு அதுதான் இடம். பட்ஜெட் இருந்தால் ஒரு பெரிய சப்வூஃபரைவிட இரண்டு நடுத்தர சப்வூஃபர்கள் மேல். பல இருக்கைகளுக்கும் பாஸ் சமமாகப் போய்ச் சேரும்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். அந்தப் பணத்தைத் திரைச்சீலைக்கும் தரைவிரிப்புக்கும் செலவிட்டால், வெறும் சுவரும் கண்ணாடியும் உண்டாக்கும் எதிரொலி அடங்கி வசனம் துலங்கும்.

எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவர், தன்னோடு வரும் மைக்கால் ஒவ்வொன்றின் தூரத்தையும் ஒலி அளவையும் அளந்து தானே சரிசெய்யும். அந்த மைக்கைக் கையில் பிடித்தோ சோஃபாவில் கிடத்தியோ அளக்காதீர்கள். ஸ்டாண்டில், காது உயரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். அதன் உள்சுற்றுகளில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் கணக்கிடுகிறது. ஆனால் முன் ஸ்பீக்கர்களை அது 'லார்ஜ்' என்று குறித்திருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை (எந்த எல்லைக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பதை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் பாஸ் சப்வூஃபருக்குப் போகாது.

ஒயரிங்கைச் சுவர்ப் பூச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் ஒயரை மின்சார ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்கக் கூடாது. வழக்கமான தூரங்களுக்கு 16 கேஜ் போதும். நீளம் கூடினால் 14 (எண் குறைந்தால் ஒயர் தடிமன்). எச்டிஎம்ஐ கேபிளுக்கான பைப், அதன் பிளக் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இன்றைக்கு 5.1 மட்டும் போதுமென்றாலும் பின்னால் அட்மாஸ் போட வசதியாகக் கூரைக்கும் இரண்டு பைப் விட்டுவையுங்கள்.